விமான நிலையச் சோதனையில் விட்டுவந்த பேனாக்கத்தி: விதி சரி, எடுத்துக்கொண்ட முறை சரியா?

செந்தூல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் மலேசிய உள்நாட்டு விமானம் ஒன்றில் ஏறுவதற்கு முன் நடந்த பாதுகாப்புச் சோதனையில் என் பேனாக்கத்தியை விட்டுவிட்டு வர நேர்ந்தது. எந்த விமான நிலையம் என்பதை எழுதப்போவதில்லை. என் கேள்வி ஒரு நிலையத்தையோ ஓர் ஊழியரையோ பற்றியதன்று. அந்த ஊழியர் என்னிடம் மரியாதையாகவே பேசினார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவருடைய சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டோடு எப்போதும் அந்தக் கத்தியும் இருக்கும். ஷெஃபீல்டு எஃகு, கொம்புக் கைப்பிடி, மடக்கினால் சுண்டுவிரல் அளவு. சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி அலகின் நடுப்பகுதி உள்வாங்கித் தேய்ந்திருந்தது. மாங்காய் நறுக்குவது, எங்கள் பென்சில்களைச் சீவுவது, மின்கம்பியின் மேல்தோலை உரிப்பது, தீபாவளிப் பலகாரப் பொட்டலத்தின் சணலை அறுப்பது எல்லாமே அந்த ஒரு கத்திதான். அவர் காலமான பிறகு அது என் கைப்பையின் உள் ஜிப்பில் கிடந்தது. அங்கே கிடப்பதையே நான் மறந்துபோனேன். அது என் தவறு.

ஊழியர் கத்தியை விரித்துப் பார்த்தார், மடக்கினார், பக்கத்திலிருந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டார். அது ஒரு ஹேர்ஸ்பிரே புட்டியின் மேல் விழுந்து லைட்டர்களுக்கும் கத்தரிக்கோல்களுக்கும் நடுவே சரிந்தது. ரசீது உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார். திரும்பிப் போய்ப் பெட்டியில் போட்டு அனுப்பலாமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் விமானத்தின் கதவு மூட இன்னும் 25 நிமிடமே இருக்கிறது என்றார். நான் போகவில்லை.

அலகின் நீளம் 4.5 சென்டிமீட்டர். என் மகள் பள்ளிப் பாடத்துக்காக அதை அடிக்கோலால் அளந்து படம் வரைந்த நோட்டு வீட்டில் இருப்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. இவ்வளவு சிறிய அலகால் ஒரு விமானத்துக்கு என்ன நேர்ந்துவிடும்? நேரும் என்றே வைத்துக்கொண்டாலும், என் உடைமையை ஒரு துண்டுத்தாள்கூடத் தராமல் நிரந்தரமாக எடுத்துக்கொள்ள எந்தச் சட்டம் இடங்கொடுக்கிறது? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாயான் பாரு டீச்சர் எழுதியது:

உங்கள் அப்பாவின் நினைவுப்பொருள் போனது வருத்தத்துக்குரியது. ஆனாலும் நான் விதியின் பக்கமே நிற்பேன். பினாங்கில் என் வயதுக்காரர்கள் ஏன் அப்படி நிற்கிறோம் என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1977ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி இரவு, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமான நிறுவனத்தின் 653ஆம் எண் விமானம் நடுவானில் கடத்தப்பட்டது. கோலாலம்பூரின் அன்றைய விமான நிலையமான சுபாங்கில் இறங்க வேண்டிய போயிங் 737, சிங்கப்பூரை நோக்கித் திருப்பப்பட்டு, ஜோகூரின் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த 100 பேரும் இறந்தார்கள். அவர்களில் அன்றைய விவசாய அமைச்சரும் ஒருவர். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு மாணவி. மறுநாள் காலை எங்கள் தெருவில் வானொலிப் பெட்டி இருந்த வீட்டு வாசல்களில் எல்லாம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தது நினைவிருக்கிறது. யார் கடத்தினார்கள், எதற்காகக் கடத்தினார்கள் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.

அங்கே பயன்பட்டது துப்பாக்கி, கத்தியன்று என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள்; நானே சொல்லிவிடுகிறேன். விமானி அறை ஒலிப்பதிவில் பதிவானது வெடிச்சத்தம்தான். ஆனால் விமானத்துக்குள் எது ஏறுகிறது என்பதை ஏறும் முன்பே பார்த்துவிட வேண்டும், ஏறிய பின் பார்ப்பதில் பயனில்லை என்ற பாடம் துப்பாக்கிக்கும் கத்திக்கும் ஒன்றுதான். கத்தி மட்டும் போதும் என்பதற்கும் சான்று உண்டு. 1999 ஜூலையில் தோக்கியோவின் ஹனேடா நிலையத்திலிருந்து புறப்பட்ட ஜப்பானிய உள்நாட்டு விமானத்தில், சமையல் கத்தியோடு வந்த ஒருவன் விமானியைக் குத்திக் கொன்றான். அதே ஆண்டு டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கடத்தப்பட்ட இந்திய விமானத்தில் இறந்த பயணியும் கத்தியால் குத்தப்பட்டவரே.

பங்சார் பயணி எழுதியது:

டீச்சர் சொன்ன ஹனேடா நிகழ்ச்சியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஆள் கத்தியைச் சோதனைக் கருவிக்குள் கடத்தவில்லை. கத்தி இருந்த பையைச் செக்-இன் செய்து ஒரு விமானத்தில் வந்து இறங்கினான். வருகைப் பகுதியில் பையைப் பெற்றுக்கொண்டான். அங்கிருந்து சோதனையே இல்லாமல் புறப்பாட்டுப் பகுதிக்கு ஏறிவிடக்கூடிய ஒரு வழி கட்டடத்தில் இருந்தது. அந்த ஓட்டையைப் பற்றி அவனே முன்னதாக அதிகாரிகளுக்கு எழுதியும் இருந்தான். ஓட்டை கட்டடத்தில் இருந்ததே தவிர, அலகின் நீளம் பற்றிய விதியில் இல்லை.

நீளத்துக்கு வருவோம், ஏனென்றால் செந்தூல்வாசியின் முதல் கேள்வி அதுதான். 2001 செப்டம்பர் 11க்கு முன் அமெரிக்க விமானங்களில் 4 அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள கத்திகளைக் கையில் எடுத்துச் செல்ல முடிந்தது. அன்றைய தாக்குதலாளிகள் அந்த அளவைத் தெரிந்துவைத்திருந்தார்கள். சிறு கத்திகளையும் பல்கருவிக் கத்திகளையும் கடையிலேயே வாங்கியிருந்தார்கள் என்று விசாரணை ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது. வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) நிலையத்தில் அவர்களில் சிலர் உலோகக் கருவியை ஒலிக்க வைத்தும், கைக்கருவியால் தடவிப் பார்க்கப்பட்டு அனுப்பப்பட்டார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் எல்லாக் கத்திகளும் தடை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2013 மார்ச்சில், அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகமே 6 சென்டிமீட்டருக்கு மேற்படாத, அகலம் அரை அங்குலத்துக்குக் குறைந்த, விரித்தால் பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்திகளை ஏப்ரல் 25 முதல் அனுமதிக்கப் போவதாக அறிவித்தது. அவர்கள் சொன்ன காரணம் எளியது. விமானத்தை வீழ்த்தக்கூடியது வெடிபொருள். சிறு கத்திகளைத் தேடும் நேரத்தை அதற்குச் செலவிடலாம். விமானப் பணியாளர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. ஜூன் 5ஆம் தேதி திட்டம் கைவிடப்பட்டது.

அந்த 6 சென்டிமீட்டர் வானத்திலிருந்து விழுந்த எண் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் கையில் எடுத்துச் செல்லத் தடை செய்யப்பட்டவை 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகுள்ள கத்திகளே. கனடாவும் 2017 நவம்பர் 27 முதல் அமெரிக்காவுக்குச் செல்லும் விமானங்கள் நீங்கலாக அதே அளவை ஏற்றுக்கொண்டது. செந்தூல்வாசியின் கத்தி பாரிஸில் அவருடைய சட்டைப்பையிலேயே விமானம் ஏறியிருக்கக்கூடும். அதே மனிதர், அதே கத்தி, அதே போயிங். ஊர் மாறினால் ஆபத்தும் மாறிவிடுமா?

2003 நவம்பர் 1 முதல் பெரிய பயணிகள் விமானங்களின் விமானி அறைக் கதவு துளைக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. கதவு இறுகிய பிறகும் சட்டைப்பை விதி தளரவே இல்லை. என் ஆதங்கம் அதுதான்.

முப்பதாயிரம் அடி எழுதியது:

கதவைப் பற்றி எல்லோரும் இப்படித்தான் பேசுகிறீர்கள், ஆகவே ஒரு கேள்வி. கதவு பூட்டியிருக்கும்போது கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் யார்?

நான் ஒன்பது ஆண்டுகளாக விமானப் பணிப்பெண். கதவு விமானிகளைக் காக்கிறது, விமானத்தைக் காக்கிறது. நள்ளிரவு விமானத்தில், மூன்றாவது முறையாக மதுபானம் கேட்டு மறுக்கப்பட்ட ஒருவர் எழுந்து நின்று என் தோளைப் பிடித்தபோது, அந்தக் கதவால் எனக்கு ஒரு பயனும் இல்லை. அவருடைய சட்டைப்பையில் நான்கரை சென்டிமீட்டர் அலகு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கோல் வைத்து அளந்து பார்க்க விரும்பவில்லை. கழுத்துக்கு நான்கரை சென்டிமீட்டர் தாராளம். 2013இல் அமெரிக்கப் பணியாளர்கள் எதிர்த்தார்கள் என்று பங்சார் பயணி ஒரே வரியில் கடந்துபோனாரே, அவர்கள் எதிர்த்தது இதற்காகத்தான்.

முதல் வகுப்பில் உலோகக் கத்தி தருகிறீர்களே, கண்ணாடிப் புட்டி விற்கிறீர்களே என்று அடுத்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேசைக்கத்தியை யாரிடம் கொடுத்தோம், யாரிடமிருந்து திரும்ப வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். தட்டு திரும்பும்போது என் கண் முதலில் தேடுவது கத்தியைத்தான். புட்டி விஷயத்தில் என்னிடம் நல்ல பதில் இல்லை.

வழக்காடி எழுதியது:

இரண்டாம் கேள்வி சட்டத்தைப் பற்றியது என்பதால் அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதலில், அமெரிக்கர்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பற்றி எழுதுவதைப் படித்துவிட்டு அதே வாதத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். அவர்களுடைய அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் போன்ற ஒன்று நம்முடைய கூட்டரசு அரசியலமைப்பில் இல்லை. மாறாக, 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் தாக்கும் ஆயுதங்கள் சட்டம் நம்மிடம் இருக்கிறது. சட்டபூர்வமான அதிகாரமோ நோக்கமோ இல்லாமல் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருந்தால், அதன் 6ஆம் பிரிவின்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். மாங்காய் நறுக்கும் பேனாக்கத்தியை வைத்திருந்ததற்காக ஒருவரை அந்தப் பிரிவில் நிறுத்துவார்கள் என்று நான் சொல்லவில்லை. நோக்கம் என்ற சொல் அங்கே இருப்பதே அதற்காகத்தான். ஆனால் கத்தியைக் கையில் வைத்திருப்பது என் பிறப்புரிமை என்ற இடத்திலிருந்து வாதத்தைத் தொடங்கினால், நம் நாட்டில் அந்த வாதம் படியேறாது.

உங்களுக்கு வலுவான இடம் வேறு. அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு, சட்டப்படியன்றி எவருடைய சொத்தும் பறிக்கப்படலாகாது என்கிறது. விமான நிலையத்தில் நடப்பதைப் பேச்சுவழக்கில் நாம் பறிமுதல் என்கிறோம். நிலையங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. பயணி தாமாகவே ஒப்படைத்தார் என்பதுதான் அவர்களுடைய நிலைப்பாடு. உங்களிடமிருந்து யாரும் கத்தியைப் பறிக்கவில்லை. கத்தியோடு திரும்பிப் போகலாம் அல்லது கத்தியை விட்டுவிட்டுப் பறக்கலாம் என்ற இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். சட்டம் உங்களைக் கேட்கும் கேள்வி, அந்தத் தேர்வு உண்மையான தேர்வுதானா என்பது.

இதில் சோதனை எந்த இடத்தில் நடக்கிறது என்பதே பாதி வழக்கைத் தீர்மானிக்கிறது. வழியனுப்ப வந்த மைத்துனர் இன்னும் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும்போது சோதனை நடந்தால், கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டு வரலாம், தேர்வு மெய்யானது. குடிநுழைவு முத்திரை விழுந்து, உள்ரயிலில் ஏறித் துணைக்கட்டடம் போய், கடைசி வாயிலில் இரண்டாம் சோதனையில் பிடிபட்டால், திரும்பிப் போவது என்பது பெயரளவில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் சட்டப்படி கையில் கொண்டுவந்த 5 சென்டிமீட்டர் கத்தி, சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் விமானம் மாறும் பயணியிடமிருந்து இப்படித்தான் போகக்கூடும். அவர் ஏறிய ஊரில் அவரை யாரும் எச்சரித்திருக்க மாட்டார்கள்.

நாடு முழுவதும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை 9ஆம் பிரிவு குடிமக்களுக்குத் தருகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பிரிவே பாதுகாப்புச் சட்டங்களுக்கும் பொது ஒழுங்குச் சட்டங்களுக்கும் உட்பட்டது என்று எழுதப்பட்டிருக்கிறது. மேலும், கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பினாங்கின் பட்டர்வொர்த்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் போய்விடும் ரயில் இருக்கையில், விமானத்தில் ஏற்றவில்லை என்பதை நடமாட்ட உரிமையின் மறுப்பு என்று எந்த நீதிபதியும் ஏற்பது கடினம்.

பங்சார் பயணி எழுதியது:

வழக்காடி ஐயா, மெய்யான தேர்வு என்ற உங்கள் அளவுகோலை நான் ஏற்கிறேன். அதில் பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்தி தடை செய்யப்பட்ட பொருள் அன்று. செக்-இன் பெட்டியில் தாராளமாகப் போகலாம் என்பார்கள். மலிவுக் கட்டண விமானங்களில் செக்-இன் பெட்டிக்குத் தனிக் கட்டணம். முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் ஒரு விலை, கவுண்டரில் வாங்கினால் அதைவிடக் கூடுதல். 7 கிலோ கேபின் பையோடு மட்டும் பயணம் செய்பவர் 40 கிராம் கத்திக்காக 20 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் பெட்டிக்குப் பணம் கட்டியவருக்குக் கத்தி வீடு திரும்பும்.

முப்பதாயிரம் அடி சகோதரிக்கு: உங்கள் தோளைப் பிடித்தவர் பற்றி எழுதியதைப் படித்தபின், நான்கரை சென்டிமீட்டரால் என்ன ஆகிவிடும் என்று இனி எழுதமாட்டேன். 6 சென்டிமீட்டர் விதி வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. அதன் விலையை யார் கொடுப்பார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காமல் பேசிவந்திருக்கிறேன்.

பழைய அவ்செக் எழுதியது:

அவ்செக் என்ற விமானப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற துணைப் போலீஸ்காரன் நான். சோதனைக் கருவிக்கு முன் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். உள்ளேயிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

திரையில் உங்கள் பை நிறங்களாகத்தான் தெரியும். துணி, உணவு, காகிதம், சோப்பு எல்லாம் ஆரஞ்சு. உலோகம் நீலம். இரண்டுக்கும் இடைப்பட்டவை பச்சை. படுத்திருக்கும் கத்தி நீலத்தில் தெளிவாகத் தெரியும், குழந்தைகூடக் காட்டிவிடும். அதே கத்தி செங்குத்தாக நின்றால் ஒரு நீலக்கோடு மட்டுமே. பேனாவும் கோடுதான், பையின் சட்டகக் கம்பியும் கோடுதான், குடையின் காம்பும் கோடுதான். அந்தக் கோட்டைப் பார்த்து அதன் அலகு 6 சென்டிமீட்டரா 7 சென்டிமீட்டரா என்று சொல்ல என்னால் முடியாது. பையைத் திறக்க வேண்டும், எடுக்க வேண்டும், விரிக்க வேண்டும், அளக்க வேண்டும். அளந்த பிறகு பயணி நுனியிலிருந்து அளந்தது தவறு, கைப்பிடி முடியும் இடத்திலிருந்து அளக்க வேண்டும் என்று வாதாடுவார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் இடைவாரைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்பார்கள். முழுத் தடை என்றால் பேச்சு முடிந்தது. நீளம் பார்க்காத விதியில் கொடுமை எதுவும் இல்லை. வரிசையில் நிற்கும் இரு தரப்புக்கும் அது சண்டையைக் குறைக்கிறது. இதைக் கொள்கை என்று சொல்லமாட்டேன், கவுண்டர் நடைமுறை.

ஒரே ஆள் திரையை நெடுநேரம் பார்த்தால் கண் பொய் சொல்லத் தொடங்கிவிடும். அதனால் இருபது நிமிடம் போல ஆனதும் ஆளை மாற்றுவார்கள். இடையிடையே கருவியே போலித் துப்பாக்கி, போலிக் கத்திப் படங்களை உண்மைப் பைகளுக்குள் செருகிக் காட்டும். பிடிக்கிறோமா என்று கணக்கு வைக்கும். கத்தியைத் தவறவிட்டால் நம் பெயருக்கு எதிரே விழும். சிறு கத்தியென்று இரக்கப்பட்டு விட்டால் அதுவும் அப்படியே. இரக்கப்படுவதற்கு எங்களுக்குக் கொடுக்கப்பட்ட இடம் மிகச் சிறியது என்பதைச் செந்தூல்வாசி தம்பி புரிந்துகொள்ள வேண்டும்.

அதேசமயம் தம்பியின் மனக்குறை எனக்கும் இருந்த மனக்குறைதான். பெட்டிக்குள் விழுந்த பொருளுக்கு ஊர் பேர் கிடையாது. யாருடையது, எந்த நாள், எந்த வாயில் என்ற சீட்டு ஒட்டப்படாத பொருளை யார் வந்து கேட்டாலும் எப்படித் திருப்பிக் கொடுப்பது? அமெரிக்காவில் இப்படிச் சேர்ந்த கத்திகளை மாநில அரசுகளின் உபரிப்பொருள் பிரிவுகள் கிலோக்கணக்கில் விற்றுக் காசாக்குகின்றன. விற்பதற்கு ஏற்பாடு செய்ய முடிகிறவர்களால் ஒரு சீட்டு ஒட்ட முடியாதா என்று நான் யோசித்ததுண்டு. ஒரு சிறு உறை, அதன்மேல் பயணியின் முகவரி, அஞ்சல் கட்டணத்தைப் பயணியே கட்டிக்கொள்வது. இதனால் எந்தப் பாதுகாப்பும் குறைந்துவிடாது.

தம்பி, நாள், நேரம், விமான எண், எந்தச் சோதனை வரிசை ஆகியவற்றோடு பொருளின் அடையாளத்தையும் எழுதி அந்த நிலையத்தின் பொருள் மீட்புப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள். சில நிலையங்களில் கொஞ்சக் காலம் வைத்திருந்துதான் அப்புறப்படுத்துவார்கள். மகள் வரைந்த படத்தின் நகலையும் இணையுங்கள்.

தண்ணீர்மலைப் பேத்தி எழுதியது:

கத்தி என்றால் எது என்பதையே யாரும் கேட்கவில்லையே என்று வியந்துகொண்டிருந்தேன்.

என் பாட்டியிடமிருந்து போனது பாக்குவெட்டி. பாக்கு மரத்தின் பெயரையே தாங்கிய பினாங்குத் தீவில் பிறந்து, எண்பது வயதுவரை தினமும் வெற்றிலை போட்டவர் அவர். பித்தளையில் மயில் உருவம் வார்த்த பழைய பாக்குவெட்டி. உள்ளங்கையில் வைத்து நெருக்கினால் கொட்டைப்பாக்கு இரண்டாகும், அவ்வளவுதான். முனை கிடையாது, குத்த முடியாது. கத்தரிக்கோலா என்றால் இல்லை. கத்தியா என்றால் அதுவும் இல்லை. சோதனை செய்த இளைஞர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். மூவருமாகச் சேர்ந்து கூர்மையான பொருள் என்று முடிவு செய்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாத பொருளுக்கு எப்போதும் கடுமையான தீர்ப்புத்தான். பாட்டி சக்கர நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் பெட்டிகள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன.

அதே பயணத்தில் என் கைப்பையில் தம்பியின் காவடிக்காக வாங்கிய வெள்ளி அலகுகள் இரண்டு, நாக்கில் குத்தும் சிறிய வேல்கள், காகிதத்தில் சுற்றியபடி இருந்தன. ஊசியைவிடக் கூரானவை. அவற்றைப் பார்த்த அதிகாரி, இது நகையா என்று கேட்டார். சாமிப் பொருள் என்றேன். போகச் சொன்னார். கருணை என்பதா, கவனக்குறைவு என்பதா? தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். அலகைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று பின்னர் எங்களுக்கே அறிவுறுத்தப்பட்டது.

ஒரு சிறு கிறுக்குத்தனம் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கத்தியின் வாய்க்கும் அலகு என்று பெயர், காவடிக்காரர் குத்திக்கொள்வதற்கும் அலகு என்று பெயர், சென்டிமீட்டருக்கும் நாம் அலகு என்றே பெயர் வைத்திருக்கிறோம். அலகை அலகால் அளக்க முடியாமல்தான் மூன்று அதிகாரிகள் என் பாட்டியின் முன் நின்றார்கள்.

பாயான் பாரு டீச்சர் எழுதியது:

பேத்தி எழுதியதில் ஒன்று எனக்கு இடிக்கிறது. பாக்குவெட்டி போனதும் தவறு என்கிறீர்கள், வேல் தப்பியதும் தவறு என்கிறீர்கள். நம்பிக்கை சார்ந்த பொருள்களுக்குத் தனிச் சலுகை இருக்க வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா? என் பக்கத்து வீட்டுச் சீக்கியக் குடும்பத்தினர், சமய நெறிப்படி அணியும் குறுவாளான கிர்பானைப் பயணத்தின்போது கழற்றிப் பெட்டியில் வைக்கிறார்கள், மனக்கசப்போடுதான் வைக்கிறார்கள்.

வழக்காடி எழுதியது:

டீச்சர் கேட்டதற்கு இந்தியா ஒரு பதிலை வைத்திருக்கிறது. அங்கே சீக்கியப் பயணிகள் உள்நாட்டு விமானங்களில் கிர்பான் அணிந்து செல்லலாம். அலகு 6 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 9 அங்குலத்துக்கும் மேற்படக்கூடாது. 2022 மார்ச்சில் விமானப் பாதுகாப்புப் பிரிவு இதை உத்தரவாகவே வெளியிட்டது. எதிர்த்துத் தொடுக்கப்பட்ட பொதுநல மனுவை அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் பன்னாட்டு விமானங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதை நான் சொல்வது கிர்பானும் பேனாக்கத்தியும் ஒன்று என்பதற்காக அன்று. நம்பிக்கையின் பேரில் அணிவதற்கும் பழக்கத்தின் பேரில் வைத்திருப்பதற்கும் சட்டத்தில் எடை வேறு. நான் கவனிக்கச் சொல்வது, அங்கே நீளம் எழுதப்பட்டிருக்கிறது, எந்த விமானத்தில் என்பது எழுதப்பட்டிருக்கிறது, அதனால் நீதிமன்றத்தில் அதைப் பற்றி வாதாட முடிந்தது என்பதை. மூன்று அதிகாரிகள் நின்று யோசித்து எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது?

முப்பதாயிரம் அடி எழுதியது:

முழுத் தடை நீடிக்கட்டும், ஆனால் பொருள் திரும்பக் கிடைக்க வழி இருக்கட்டும் என்று பழைய அவ்செக் ஐயா சொன்னதோடு எனக்கு முரண்பாடு எதுவும் இல்லை. கேபினுக்குள் வராத கத்தி எங்கே போனாலும் எனக்குக் கவலையில்லை. அது செந்தூலுக்கே திரும்பிப் போகட்டும்.

செந்தூல்வாசி எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முதல் கேள்வியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான்கரை சென்டிமீட்டர் சிறியதுதானே என்று கேட்டபோது என் அப்பாவின் கையில் இருந்த கத்தியை நினைத்துக் கேட்டேன். யார் கையிலும் இருக்கக்கூடிய கத்தியை நினைக்கவில்லை. இரண்டாம் கேள்வியைத் திரும்பப் பெறமாட்டேன்.

பழைய அவ்செக் ஐயா சொன்னபடி கடிதம் எழுதினேன், மகளின் படத்தையும் இணைத்தேன். எட்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்கள். நேரில் சென்றேன். ஓர் அம்மா ஒரு தட்டு நிறையப் பொருள்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, உங்களுடையது இருக்கிறதா பாருங்கள் என்றார். சிவப்புக் கைப்பிடி போட்ட சுவிஸ் கத்திகள் மட்டும் பதினொன்று இருந்தன. தையல் கத்தரிக்கோல்கள், ஒரு திருப்புளி, மீன் செதில் சீவும் கருவி ஒன்று, பெயர் பொறித்த சாவிக்கொத்துக் கத்தி ஒன்று. கொம்புக் கைப்பிடி எதுவும் இல்லை. அந்த மாதப் பெட்டி ஏற்கெனவே அப்புறப்படுத்தப்பட்டிருக்கலாம் என்றார் அந்த அம்மா. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்தத் தட்டில் ஒரு பாக்குவெட்டியும் இருந்தது.

அடுத்த மாதம் பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

தண்ணீர்மலைப் பேத்தி எழுதியது:

கைப்பிடியில் மயில் இருந்ததா?

செந்தூல்வாசி எழுதியது:

இல்லை, சகோதரி. இரும்புதான், நுனியில் வெறும் குமிழ்.